வீடும் விளக்கும் நீரும்: செலவை ஏற்றவர் யார்?

ஓர் ஊரின் வரலாற்றை அறியக் கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் தேடுவது அறிஞர் வழக்கம். நம்மைப் போன்ற எளிய மக்கள் வாழும் ஊர்களின் வரலாறோ, பரண்மேல் வைக்கப்பட்ட தகரப் பெட்டிக்குள் கிடக்கின்றது. சடையங்குப்பத்தில் அத்தகைய பெட்டி ஒன்றைத் திறந்தால், ஊராட்சிக்குக் கட்டிய வீட்டுவரி ரசீதையும், பின்னாளில் மாநகராட்சிக்குக் கட்டிய சொத்துவரி ரசீதையும், மின்வாரிய அட்டையையும் ஒருங்கே காணலாம். அவற்றை ஆண்டுவாரியாக அடுக்கிப் பார்ப்போர்க்கு ஓர் உண்மை புலப்படும். வீடு, விளக்கு, குடிநீர் ஆகிய மூன்றிற்கும் ஒரு காலத்தில் அரசு ஏற்றுவந்த செலவு, சிறிது சிறிதாகக் குடியிருப்போர் தலையில் இறங்கியிருக்கின்றது என்பதே அது.

நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், இளைஞர்கள் இந்த வரலாற்றை முறைப்படி அறிந்துகொள்ள வேண்டும் என்னும் விருப்பத்தால் இக்கட்டுரை எழுதப்படுகின்றது. "உங்களுக்கு எல்லாம் இலவசமாயிற்றே" என்று பிறர் ஏசும்போது வாய்மூடி நிற்கும் நிலை நம் பிள்ளைகளுக்கு வரலாகாது. நாம் எதை இலவசமாகப் பெற்றோம், எதற்கு விலை கொடுத்தோம், கொடுத்த விலைக்கு ஈடாக எது நம் கைக்கு வந்து சேர்ந்தது என்பவற்றைச் சான்றோடு எடுத்துரைக்கும் ஆற்றல் அவர்கட்கு வேண்டும்.

மனைக்கு விலை கொடுத்த முதல் தலைமுறை

ஆதி திராவிடர் வீட்டுமனை பெற்ற வரலாறு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தொடங்குகின்றது. தஞ்சை போன்ற மாவட்டங்களில் சேரி இருந்த நிலம் மிராசுதாருக்குச் சொந்தமாக இருந்தது. கூலியை உயர்த்திக் கேட்டவனும், வேறிடத்திற்கு வேலைக்குச் செல்ல முயன்றவனும் குடியிருந்த மனையை விட்டே வெளியேற்றப்படும் அச்சம் இருந்தது. ஆதலின் தன் பெயரில் ஒரு மனை என்பது, வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கும் இடமாக மட்டுமன்றி, அடிமைத்தளையை அறுக்கும் வாளாகவும் விளங்கிற்று.

1920ஆம் ஆண்டளவில் சென்னை மாகாண அரசு தொழிலாளர் ஆணையர் என்னும் அதிகாரியின் பொறுப்பில் தாழ்த்தப்பட்டோர் நலப்பணிகளை ஒப்படைத்தது. அவர் துறை நிலங்களைக் கையகப்படுத்தி மனைகளாகப் பிரித்து வழங்கியது. ஆயினும் அம்மனைகள் யாவும் தருமமாகத் தரப்பட்டவை அல்ல. பல இடங்களில் கூட்டுறவுச் சங்கங்கள் அமைக்கப்பெற்று, நிலத்தின் விலையை உறுப்பினர்கள் தவணைகளில் திருப்பிச் செலுத்தும் முறை கையாளப்பட்டது. அன்றாடக் கூலியில் அரை வயிறு உண்டவர்கள் காலணா, அரையணாவாகச் சேர்த்துத் தம் குடியிருப்பு மனைக்கு விலை கட்டினர். நம் முன்னோர் அரசின் கையை மட்டும் எதிர்பார்த்து வாழ்ந்தவர்கள் அல்லர் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

அம்முதல் தலைமுறையின் கணக்கில் ஒரு நேர்மை இருந்தது. தவணையைக் கட்டினால் மனை நமக்கு என்பதே அந்த ஏற்பாடு. கட்டுவதற்கும் பெறுவதற்கும் இடையே தெளிவான தொடர்பு இருந்தது. பின்னாளில் அத்தொடர்பு எவ்வாறு தளர்ந்தது என்பதே இவ்வரலாற்றின் முதன்மையான செய்தியாகும்.

வாரியம் பிறந்த காலம்

நாடு விடுதலை பெற்ற காலத்தில் சென்னை நகரத்தின் வீட்டுவசதிப் பணியைக் கவனித்து வந்தது நகர மேம்பாட்டுக் குழுமம். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வீட்டுவசதி வாரியம் அப்பணியை ஏற்றது. துறைமுகமும் ஆலைகளும் வளர வளர, இராயபுரம் முதல் எண்ணூர் வரை கூலி வேலை தேடி வந்தோர் கால்வாய்க் கரையிலும் கடற்கரையிலும் குடிசை இட்டனர். கோடைதோறும் குடிசைகள் தீக்கிரையாவது வாடிக்கையாயிற்று. 1967இல் அண்ணா அவர்கள் தலைமையில் அமைந்த அரசு, தீப்பற்றாத வீடுகளைக் கட்டித்தரும் முயற்சியைத் தொடங்கியது. அதன் தொடர்ச்சியாக, கலைஞர் மு. கருணாநிதி அவர்கள் முதலமைச்சராக இருந்த 1970ஆம் ஆண்டில் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் தோற்றுவிக்கப்பட்டது. 1971இல் அதற்குரிய சட்டம் இயற்றப்பெற்றது.

வாரியம் 1971இல் எடுத்த கணக்கின்படி சென்னையில் 1,202 குடிசைப் பகுதிகள் இருந்தன. அவற்றில் ஏழு இலட்சத்திற்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். ஏழாண்டுகளில் குடிசையே இல்லாத நகரமாக்குவது என்பது அன்றைய குறிக்கோள். குடிசை இருந்த இடத்திலேயே அடுக்கு வீடுகள் எழுந்தன. வாடகை, கட்டடச் செலவோடு ஒப்பிடின் மிகச் சிறிது. இதனையே மானியம் என்கின்றோம். ஒரு பொருளை ஆக்குவதற்கு ஆகும் செலவுக்கும், மக்கள் அதற்குக் கொடுக்கும் விலைக்கும் உள்ள வேறுபாட்டை அரசு தன் கருவூலத்திலிருந்து ஈடுசெய்வதே மானியமாகும்.

இத்திட்டத்தின் பெருமையை நாம் மறத்தல் ஆகாது. தொழில் செய்யும் இடத்திற்கு அருகிலேயே, பிறந்து வளர்ந்த தெருவிலேயே கல்வீடு கிடைத்தது. அதேபோது, அதனுள் ஒரு குறையும் இருந்தது. வீட்டில் இருப்போர் வாடகைதாரரா, உரிமையாளரா என்பது தெளிவாக்கப்படவில்லை. வாடகை நிலுவை பெருகிற்று. வாடகையே வராத கட்டடத்தைப் பழுதுபார்க்க வாரியத்திடம் பணமில்லை. பழுதுபாராத கட்டடத்திற்கு வாடகை கொடுக்கக் குடியிருப்போர்க்கு மனமில்லை. இச்சுழலில் சிக்கிய பல கட்டடங்கள் இளமையிலேயே முதுமை எய்தின. 1974இல் ஆதி திராவிடர் வீட்டுவசதிக்கென்றே தொடங்கப்பெற்று, இன்று தாட்கோ என வழங்கும் கழகம் கட்டிய தொகுப்பு வீடுகளிலும், கட்டித் தருவதில் காட்டிய அக்கறை பராமரிப்பில் காட்டப்படவில்லை என்பதை அவற்றின் சுவர்களே கூறும்.

உலக வங்கியும் செலவு மீட்பும்

1977ஆம் ஆண்டு ஒரு திருப்பம் நிகழ்ந்தது. உலக வங்கியின் கடனுதவியோடு சென்னை நகர வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பெற்றது. 1980இல் இரண்டாம் திட்டமும், 1988இல் தமிழ்நாடு முழுமைக்குமான நகர வளர்ச்சித் திட்டமும் அதனைத் தொடர்ந்தன. வங்கியின் கருத்து இதுவே: ஒவ்வொரு ஏழைக்கும் அரசு தன் செலவில் அடுக்கு வீடு கட்ட முயன்றால் கருவூலம் வற்றிவிடும், சிலர்க்கே வீடு கிடைக்கும், பலர் வெளியே நிற்பர். ஆகவே ஏழை தாங்கக்கூடிய அளவுக்குத் தரத்தைக் குறைத்து, ஆகும் செலவைத் தவணைகளில் அவனிடமிருந்தே திரும்பப் பெற வேண்டும். அவ்வாறு மீண்டு வரும் பணத்தைக் கொண்டு மேலும் பலர்க்கு மனை வழங்கலாம். இதற்குச் 'செலவு மீட்பு' என்று பெயர்.

அதன்படி அரும்பாக்கம், வில்லிவாக்கம், நமக்கு அண்மையிலுள்ள கொடுங்கையூர் ஆகிய இடங்களில் மனைகள் பிரிக்கப்பட்டு, சாலை, குழாய், கழிவுநீர் வசதிகளோடு வழங்கப்பெற்றன. வீட்டை மக்கள் தம் வசதிக்கேற்பத் தாமே எழுப்பிக்கொண்டனர். பெரிய மனைகளையும் வணிக மனைகளையும் கூடுதல் விலைக்கு விற்று, அந்த இலாபத்தால் சிறிய மனைகளின் விலை குறைக்கப்பட்டது. இருப்பவனிடம் கூடுதலாகப் பெற்று இல்லாதவனுக்கு உதவும் இம்முறை போற்றத்தக்கதே. இருபதாண்டுகளுக்கு மேல் கழிந்தபின் இப்பகுதிகளுக்கு மீண்டும் சென்று பார்த்த ஆய்வாளர் சிலர், 2018இல் வெளியிட்ட கட்டுரையில், இவை பலதரப்பட்ட வருவாயினரும் கலந்து வாழும் நல்ல குடியிருப்புகளாக வளர்ந்துள்ளன என்று பதிவு செய்துள்ளனர். விலை கொடுத்தவர்க்கு மனை உரிமையும் கிடைத்ததனாலன்றோ அவர்கள் துணிந்து மாடி எழுப்பினர்!

ஆயினும் அதே திட்டங்களின் மற்றொரு பிரிவாகிய குடிசைப் பகுதி மேம்பாட்டில் நிலைமை வேறாயிற்று. அங்கே குடியிருந்தோரிடம் குத்தகையோடு கூடிய விற்பனை ஒப்பந்தம் என்னும் முறையில் மாதத் தவணை பெறப்பட்டது. கட்டி முடித்தால் கிரயப் பத்திரம் தரப்படும் என்பது ஏற்பாடு. ஆனால் அந்த நிலங்களில் பல, அரசின் வேறு வேறு துறைகளுக்கோ கோயில்களுக்கோ தனியார்க்கோ உரியனவாக இருந்தன. நிலம் வாரியத்தின் பெயருக்கு மாறாதபோது, வாரியம் குடியிருப்போர் பெயருக்கு எங்ஙனம் எழுதித்தர இயலும்? தவணையைக் கட்டி முடித்தவர்களும் பத்திரத்திற்காகப் பல்லாண்டு காத்திருக்க நேர்ந்தது. கட்டியவர் இறந்து, மகனும் முதுமை எய்திய குடும்பங்கள் உண்டு.

செலவு நம்மிடம் வந்தது. உரிமை உடன் வரவில்லை. இந்த ஒரு வாக்கியத்தை நம் இளைஞர்கள் நெஞ்சில் பதித்துக்கொள்ள வேண்டும். கட்டணம் கேட்பது குற்றமன்று. கட்டணத்திற்குரிய உரிமையை வழங்காது கட்டணத்தை மட்டும் கேட்பதே குற்றம்.

விளக்கும் நீரும்

வீட்டிற்கு அடுத்தபடியாக விளக்கைக் காண்போம். அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை அரசப் பிரதிநிதியின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, மின்சாரமும் அவர் பொறுப்பில் இருந்தது என்பதை நம்மில் பலர் அறியார். 1943ஆம் ஆண்டு அக்டோபரில் மின்வழங்கல் கொள்கைக் குழுவில் உரையாற்றிய அவர், குறைந்த விலையில் ஏராளமாக மின்சாரம் கிடைத்தாலன்றி இந்நாட்டில் தொழில் வளராது, தொழில் வளராவிடின் வறுமை நீங்காது என்று வாதிட்டார். மின்சாரத்தை ஆடம்பரப் பொருளாகக் கருதாது, வறுமை ஒழிப்பின் கருவியாக அவர் கண்டார்.

குடிசைக்கு ஒரு விளக்கு என்னும் திட்டமும், 1988-89இல் மத்திய அரசு தொடங்கிய குடிர் ஜோதித் திட்டமும் அந்நோக்கத்தின் சிறு கீற்றுகளே. ஒற்றை விளக்கின் கீழ் படித்துப் பட்டம் பெற்றவர் பலர் நம்மிடையே உள்ளனர். 2016ஆம் ஆண்டு மே மாதம் அன்றைய முதலமைச்சர் செல்வி ஜெயலலிதா அவர்கள், வீடுகளுக்கு இரண்டு மாதங்களுக்கு 100 யூனிட் வரை மின்சாரம் இலவசம் என்று ஆணையிட்டார். 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் மின்கட்டணம் உயர்த்தப்பட்டபோதும் அச்சலுகை தொடர்ந்தது.

இதில் நாம் நுணுகிக் காண வேண்டிய செய்திகள் இரண்டு. முதலாவது, மின்கட்டணம் படிப்படியாக ஏறும் ஏணி போன்றது. அந்த விகிதப்படி, 500 யூனிட் என்னும் படியைத் தாண்டிய வீட்டிற்குக் கீழ்ப்படிகளுக்குரிய சலுகையில் ஒரு பகுதியும் இல்லாமற்போகும். ஒரே இணைப்பில் அண்ணன் தம்பி இருவர் குடும்பம் வாழ்ந்தால், ஏழையாயினும் அவ்வீடு உயர்படிக்குச் சென்றுவிடும். இரண்டாவது, வாடகைக்குக் குடியிருப்போர் பலர் வீட்டுக்காரர் கூறும் விகிதப்படியே யூனிட்டுக்குப் பணம் கொடுக்கின்றனர். அரசின் மானியம் வீட்டுக்காரரின் அட்டையோடு நின்றுவிடுகின்றது. 2006க்குப் பின் தொலைக்காட்சியும், 2011க்குப் பின் மின்விசிறியும் மிக்சியும் கிரைண்டரும் அரசு இலவசமாக வழங்கியது. அவற்றை இயக்கும் மின்சாரமோ மாதந்தோறும் நம் கணக்கில் ஏறியது.

குடிநீரின் கதை இதனினும் பழையது. 1927ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் மகாத் நகரில் சவதார் குளத்து நீரை அள்ளிப் பருகி, பொதுநீர் அனைவர்க்கும் பொது என்பதை அண்ணல் நிலைநாட்டினார். அன்று நீருக்கும் நமக்கும் இடையே நின்றது சாதி. சென்னையில் தெருக்குழாய் வந்தபோது அச்சுவர் ஓரளவு தகர்ந்தது. குடம் வைத்தவர்க்கெல்லாம் நீர் கிடைத்தது. 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்னைப் பெருநகர் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீரகற்று வாரியம் அமைந்தது. நீருக்குத் தனி வாரியம், தனி வரி, தனிக் கட்டணம், தனிக் கணக்கு என்னும் முறை அதனோடு வேரூன்றிற்று. தெருக்குழாய் நீர் இலவசம். வீட்டு இணைப்புக்குக் கட்டணம். ஆயின் தெருக்குழாய் நீருக்கு நம் பெண்கள் விடியலில் எழுந்து வரிசையில் நின்ற நாழிகைகளுக்கும், லாரியின் பின்னே குடத்தோடு ஓடிய ஓட்டத்திற்கும் எந்த வாரியமும் கணக்கு எழுதியதில்லை. அதுவும் ஒரு கட்டணமே. பணமாகக் கொடுக்க இயலாதோர் உடலால் கொடுத்தனர்.

ஊராட்சி மாநகராட்சியோடு இணைந்தது

இனி நம் ஊருக்கு வருவோம். சடையங்குப்பம் நெடுங்காலம் ஊராட்சியாக இருந்தது. ஆதி திராவிடரும், மீன்பிடிப்போரும், இருளர் குடும்பங்களும், பர்மாவிலிருந்து திரும்பி வந்தோரும் இப்பகுதியில் வாழ்கின்றனர். பர்மா நகர் என்னும் பெயரே அவ்வரலாற்றுக்குச் சான்று. 2011ஆம் ஆண்டில் திருவொற்றியூர், மணலி, கத்திவாக்கம் ஆகிய நகராட்சிகளோடு இடையஞ்சாவடி, கடப்பாக்கம், சடையங்குப்பம் முதலிய ஊராட்சிகளும் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பெற்றன.

மாநகரத்தார் ஆனோம் என்பது பெருமையே. அதன் மறுபக்கத்தையும் காண்போம். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த நூறுநாள் வேலைத் திட்டம் ஊரகத்திற்கே உரியதாக இருந்தது. ஊரகக் குடிசைகளைக் கல்வீடாக்கும் திட்டங்களும் அவ்வாறே. மாநகராட்சியோடு இணைந்த நாளில் அவ்வுதவிகளைப் பெறும் தகுதி நீங்கிற்று. ஊராட்சி வீட்டுவரி போய் மாநகராட்சிச் சொத்துவரி வந்தது. 1998க்குப் பின் திருத்தப்படாதிருந்த சென்னைச் சொத்துவரி 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் திருத்தப்பட்டது. இணைக்கப்பட்ட பகுதிகளில் 600 சதுர அடிக்குட்பட்ட வீடுகளுக்கு 25 விழுக்காடு உயர்வு. பெரிய வீடுகளுக்கு அதனினும் மிகுதி. பழைய நகரப் பகுதியைவிட இங்கே உயர்வு விகிதம் குறைவு என்பது உண்மை. ஆனால் பழைய நகரத்தில் நூறாண்டுக்கு முன்பே போடப்பட்ட குழாயும் பாதாளச் சாக்கடையும் இணைக்கப்பட்ட பகுதிகளுக்குப் படிப்படியாகவே வருகின்றன என்பதும் உண்மை. வரிச்சீட்டு விரைந்து நடந்தது. வசதிகள் மெல்ல நடந்தன.

அடுக்கு மாடிக் குடியிருப்புகளுக்குச் செல்வோர் நிலையையும் இங்குக் கூறுதல் வேண்டும். 2005இல் மத்திய அரசு தொடங்கிய ஜவகர்லால் நேரு தேசிய நகரப் புனரமைப்புத் திட்டத்தின் நெறிமுறைகள் இரு கட்டளைகளை விதித்தன. வீடு எவர்க்கும் முற்றிலும் இலவசமாகத் தரப்படலாகாது; பயனாளி குறைந்தது 12 விழுக்காடு, தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் முதலிய நலிந்த பிரிவினராயின் 10 விழுக்காடு செலுத்த வேண்டும் என்பது ஒன்று. குடிநீர் முதலிய பணிகளை நடத்தும் செலவு முழுவதையும் ஏழாண்டுகளுக்குள் பயன்படுத்துவோர் கட்டணமாகவே பெற முயல வேண்டும் என்பது மற்றொன்று. மூன்று இலட்சம் ரூபாய் வீட்டிற்குப் பத்து விழுக்காடு என்பது முப்பதாயிரம் ரூபாய். ஏட்டில் சிறு எண்ணாகத் தோன்றும் இத்தொகை, மூட்டை தூக்குவோன் வீட்டில் வட்டிக் கடனாக உருவெடுக்கும்.

2015இல் தொடங்கிய பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தில் மத்திய அரசின் பங்கு வீட்டிற்கு ஒன்றரை இலட்சம் ரூபாய் என வரையறுக்கப்பட்டது. மாநில அரசின் பங்கு போக எஞ்சியது பயனாளிக்கு. 2021இல் குடிசை மாற்று வாரியம் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. அவ்வாண்டிலேயே புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில் கைபட்டால் சுவர்ப்பூச்சு உதிர்ந்த செய்தி நாடெங்கும் பரவ, சென்னை ஐ.ஐ.டி. வல்லுநர்கள் கட்டடத்தின் தரத்தை ஆய்ந்தனர். பங்குத்தொகை கட்டும் மக்கள் கட்டடத்தின் தரத்தைப் பற்றிக் கேட்கும் உரிமை உடையவர் என்பதை அந்நிகழ்ச்சி நாட்டிற்கு உணர்த்தியது. அதே காலத்தில், குடியிருப்போர் நலச்சங்கங்கள் பராமரிப்புத் தொகையைத் தாமே திரட்டினால் அதற்கு ஈடான தொகையை அரசும் வழங்கும் 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' என்னும் திட்டமும் வந்தது.

குடிசையில் வாழ்ந்தவனுக்கு மின்தூக்கி இல்லை. ஆகவே அதற்குச் செலவும் இல்லை. பல மாடிகள் எழுந்த கட்டடத்திலோ, நீரேற்றும் மோட்டார் பழுதானால் அனைத்து வீடுகளிலும் குழாய் வறளும். பொது விளக்கு, மின்தூக்கி, மோட்டார் ஆகியவற்றின் மின்கட்டணத்தைப் பங்கிட்டே ஆகவேண்டும். அன்றியும், 2000ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகரிலும் பின்னர்ப் பெரும்பாக்கத்திலும் குடியமர்த்தப்பட்டோர், பழைய வேலைக்கும் பள்ளிக்கும் செல்லும் பேருந்துச் செலவைத் தம் தலையில் ஏற்றனர். வீட்டுக்கு அரசு கொடுத்த மானியத்தில் ஒரு பங்கு, அன்றாடம் சாலையிலேயே கரைந்தது.

ஆலைகளின் கணக்கு

'ஏழைக்கு மானியம்' என்னும் சொல் நாள்தோறும் செய்தித்தாளில் வருகின்றது. அதற்கு எதிர்ப்பக்கத்தில் எழுத வேண்டிய கணக்கு ஒன்று நம் கண்ணெதிரே நிற்கின்றது. 1965இல் நிறுவப்பட்டு 1969இல் இயங்கத் தொடங்கிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும், 1971இல் உற்பத்தி தொடங்கிய உரத் தொழிற்சாலையும் மணலியைத் தொழில் நகரமாக்கின. 1970இல் இயங்கத் தொடங்கி, 450 மெகாவாட் திறனோடு நகருக்கு ஒளி ஈந்த எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. 1994 முதல் வட சென்னை அனல்மின் நிலையம் இயங்குகின்றது. இவற்றால் நாடு வளர்ந்தது. நம்மவர் சிலர்க்கு வேலையும் கிட்டியது. இதனை நாம் மறுக்கவில்லை.

ஆனால் மீஞ்சூர்ப் பகுதியின் நிலத்தடி நீர் 1960களின் இறுதி முதல் மணலி ஆலைகளுக்குக் குழாய்வழியே சென்றது. உழவும் ஆலையும் நகரமும் சேர்ந்து இறைத்ததனால் கடல்நீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் உட்புகுந்தது. ஊர்க் கிணறுகள் உவர்த்தன. இனித்த கிணறு இருந்தவரை நீருக்கு நாம் யாரிடமும் பணம் கொடுத்ததில்லை. கிணறு உவர்த்தபின் குடம் விலைக்கு வந்தது. 2010இல் காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை இயங்கத் தொடங்கியது. இயற்கை இலவசமாகத் தந்ததை, பெரும்பொருள் செலவிட்டு மீட்கவேண்டிய நிலை. அனல்மின் நிலையத்தின் சாம்பல் எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்து மீன்வளத்தைக் குறைத்தது. 2015இலும் 2021இலும் பெருமழை வந்தபோது கொசத்தலை ஆற்று வெள்ளம் நம் பகுதியைச் சூழ்ந்தது. 2023ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய், எண்ணூர் முகத்துவாரத்து வலைகளிலும் வீடுகளிலும் அப்பிக்கொண்டது.

இவ்வாறு இப்பகுதி மக்கள் தம் நீராலும் நிலத்தாலும் உடல்நலத்தாலும் நகரத்திற்கும் ஆலைகளுக்கும் கொடுத்ததே பெரிய மானியமாகும். அதற்கு ரசீது இல்லை என்பதனால் அது கொடுக்கப்படவில்லை என்று ஆகிவிடாது.

பிற நாடுகள் கற்பிக்கும் பாடம்

இந்நிலை நமக்கு மட்டும் உரியதன்று. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி நடந்த காலத்தில், 1982ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றினால் கருப்பர் குடியிருப்புகளுக்குத் தனி உள்ளாட்சிகள் அமைக்கப்பட்டன. அவை தம் செலவைத் தாமே தேடிக்கொள்ள வேண்டும் என்று விதிக்கப்பட்டது. கருப்பர் உழைத்த ஆலைகளும் அவர்கள் பொருள் வாங்கிய கடைகளுமோ வெள்ளையர் பகுதியில் இருந்தன. வரியும் அங்கேயே சென்றது. எஞ்சிய வழி, குடியிருப்போரின் வாடகையையும் கட்டணத்தையும் உயர்த்துவதே. 1984 செப்டம்பர் 3ஆம் நாள் வால் பகுதியில் அவ்வுயர்வை எதிர்த்து மக்கள் கிளர்ந்தெழுந்தனர். நிறவெறி ஆட்சியை அசைத்த பெரும் போராட்டங்களுள் அதுவும் ஒன்று. ஏழைகளைத் தனியே பிரித்து, 'உங்கள் செலவை நீங்களே பாருங்கள்' என்று கூறுவது நீதியாகாது என்பதே அது கற்பிக்கும் பாடம்.

நம் தமிழர் பலர் வாழும் சிங்கப்பூர் வேறொரு பாடத்தைக் கற்பிக்கின்றது. 1960இல் அங்கே வீட்டுவசதி வளர்ச்சிக் கழகம் அமைந்தது. 1968 முதல், தொழிலாளியும் முதலாளியும் சேர்ந்து செலுத்தும் சேமநிதியிலிருந்தே வீட்டின் விலையைக் கட்டலாம் என்று ஆக்கப்பட்டது. பராமரிப்புக்கு மாதக் கட்டணமும் உண்டு. மக்கள் கட்டணம் கட்டுகின்றனர். ஆனால் நிலையான ஊதியமும், முதலாளியின் பங்கும், 99 ஆண்டு உரிமையும், பழுதற்ற கட்டடமும் அவர்கட்கு உண்டு. இந்நான்கில் ஒன்றையேனும் முழுமையாகத் தராமல் ஐந்தாவதாகிய கட்டணத்தை மட்டும் கடன் வாங்குவது ஒப்பீடாகாது.

இளைஞர் செய்யத்தக்கன

வரலாற்றைப் படிப்பதன் பயன் செயலில் விளங்க வேண்டும். அதனால் சிலவற்றைப் பணிவோடு முன்வைக்கின்றேன்.

முதலாவது, ஆவணங்களைக் காத்தல். ஒதுக்கீட்டு ஆணை, தவணை ரசீது, வரி ரசீது, பட்டா, கிரயப் பத்திரம் ஆகியவற்றை வெள்ளமும் கரையானும் அணுகாவண்ணம் காப்பதோடு, அவற்றின் படிகளை வேறிடத்திலும் வைத்தல் வேண்டும். கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வரும் மாணவர்கள் முகவரிச் சான்று இல்லாது அலைவதை ஒரு பள்ளித் தலைமையாசிரியன் என்ற முறையில் ஆண்டுதோறும் காண்கின்றேன். தவணை முடித்தவர்கள் பத்திரத்தை எழுத்துமூலம் கேட்க வேண்டும். பத்திரம் கைக்கு வராத வீடு, எத்தனை தவணை கட்டியிருப்பினும், சட்டத்தின் கண்முன் நம் வீடன்று.

இரண்டாவது, கணக்குக் கேட்டல். 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்கு நல்ல கருவி. பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு திரண்டது, எதற்குச் செலவாயிற்று என்று வாரியத்தையும் கேட்கலாம். நம் குடியிருப்புச் சங்கங்களும் தம் கணக்கைச் சுவரில் ஒட்டி, கேளாமலே காட்டுதல் வேண்டும். நம்மவர் கணக்கில் மறைவு இருக்குமாயின் பிறர் கணக்கைக் கேட்க நமக்கு வாய் எழாது.

மூன்றாவது, நமக்குரிய நிதியை அறிதல். 1979-80 முதல் தாழ்த்தப்பட்டோர்க்கென ஆண்டுத் திட்ட நிதியில் தனிப்பங்கு ஒதுக்கும் சிறப்புக் கூறுகள் திட்டம் நடைமுறைக்கு வந்தது. 2024இல் தமிழ்நாட்டில் அதற்கெனத் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. அந்நிதியிலிருந்து நம் தெருவின் குழாய்க்கும் வடிகாலுக்கும் என்ன வந்தது என்று கேட்பது இரத்தல் ஆகாது. பங்கு கேட்டலே ஆகும்.

நான்காவது, கட்டவேண்டியதைத் தவறாது கட்டுதல். இதனைச் சிலர் விரும்பாதிருக்கலாம். ஆயினும் கட்டாத கட்டணம் நிலுவையாகி, நிலுவை வெளியேற்றத்திற்குக் காரணமாகக் காட்டப்படும் ஆபத்து உண்டு. இயலாதவர் இயலாமையை எழுத்தில் தெரிவித்துத் தவணையோ தள்ளுபடியோ கோரலாம். கட்டியவர் குரலுக்கு மதிப்பு மிகுதி. நூறாண்டுக்கு முன் கூட்டுறவுச் சங்கத்தில் அரையணா கட்டிய நம் முன்னோர், அந்த அரையணாவின் வலிமையால் மிராசுதாரின் மனையை விட்டுத் தம் சொந்த மனைக்கு நடந்தனர்.

மானியம் என்பது அரசு நமக்கிடும் பிச்சையன்று. பல தலைமுறை மறுக்கப்பட்டதற்கு ஈடாக ஒரு சமுதாயம் தன் உறுப்பினர்க்குச் செய்யும் கடமை. கட்டணம் என்பது தண்டனையுமன்று; உரிமையோடு இணைந்து வருமாயின் அது குடிமகனின் பெருமை. எங்கே மானியம் வேண்டும், எங்கே கட்டணம் தகும் என்று பிரித்தறிய நம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவோடு கணக்கறிவும் சட்டஅறிவும் வேண்டும். ஆகவே நம் சங்கம் தன் இருபத்தாறாம் ஆண்டில், ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம், மின் அட்டையையும் வரிச்சீட்டையும் ஒதுக்கீட்டு ஆணையையும் பாடநூலாகக் கொண்டு மாணவர்களும் தாய்மார்களும் சேர்ந்து கற்கும் வகுப்பொன்றைத் தொடங்குமாறு வேண்டுகின்றேன். சங்கம் இசையுமாயின், அதன் முதல் வகுப்பை எடுக்க நான் காத்திருக்கின்றேன்.